விவசாயி தண்ணீரை வீணடிக்கிறானாம்!

தேர்வு, ப்ராஜெக்ட் என்று ஒரு மாதமாக இந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. இன்றைக்கும் எழுதுவதாக இல்லை. எழுத வைத்த புண்ணியவான் எங்கள் வகுப்பு நண்பன் ஒருவன். (பெயர் போட மாட்டேன். படித்ததும் அவனுக்கே தெரியும். டேய், கோபப்படாதே, நாளைக்கு டீ என் செலவு.)

விஷயம் இதுதான். போன வாரம் டிபார்ட்மெண்டில் ஒரு விவாதம். தலைப்பு, "தண்ணீர் முதலில் யாருக்கு? வயலுக்கா, வீட்டுக்கா?" நம்ம ஆள் மேடையேறி ஒரே ஒரு ஸ்லைடு போட்டான். வட்டமாக ஒரு படம். பத்தில் ஒன்பது பங்குக்குப் பச்சை வண்ணம் அடித்து 'விவசாயம்' என்று எழுதியிருந்தது. மீதித் துண்டில் வீடு, தொழிற்சாலை எல்லாம். "இந்தியாவில் உறிஞ்சப்படும் நிலத்தடி நீரில் பத்தில் ஒன்பது பங்கை விவசாயி எடுத்துக்கொள்கிறான். இலவச மின்சாரத்தில் மோட்டாரைப் போட்டுவிட்டுத் தூங்கிவிடுகிறான். அதில் பத்தில் ஒரு பங்கு மிச்சம் பிடித்தால் நகரங்கள் எல்லாவற்றுக்கும் தண்ணீர் கிடைத்துவிடும்." அவ்வளவுதான், கைதட்டல். பரிசும் அவனுக்கே.

நான் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தேன். எழுந்து பேசியிருக்கலாம். பேசவில்லை. நிறையப் பேர் முன்னால் எனக்கு வாய் வராது என்பது உங்களுக்குத் தெரியும். தட்டச்சினால்தான் வீரம் வரும் :-)

இன்னொரு காரணமும் உண்டு. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு யாரும் தோண்டி எடுத்து "நீ யோக்கியமா?" என்று கேட்க வேண்டாம். 2019 கோடையில் எங்கள் வீடு தண்ணீர் விற்றது. திருவள்ளூர் மாவட்டத்தில், கொசஸ்தலை ஆற்றை ஒட்டிய ஒரு சின்ன ஊர் எங்களுடையது. எங்கள் கிணற்றிலிருந்து லாரி லாரியாகத் தண்ணீர் சென்னைக்குப் போனது. அந்த ஜூனில் நான் பதினொன்றாம் வகுப்பில் சேர்ந்ததற்கான பணம் அந்தத் தண்ணீரில் வந்தது. இன்று நான் தங்கியிருக்கும் விடுதிக்குத் தண்ணீர் லாரியில்தான் வருகிறது. ஆக விற்றவனும் நான்தான், வாங்குகிறவனும் நான்தான். இதைவிடப் பொருத்தமான ஆள் இந்தப் பதிவை எழுத வேறு யார் இருக்கிறார்கள்?

சரி, கணக்குக்கு வருவோம்.

நண்பன் சொன்ன பத்தில் ஒன்பது பொய் இல்லை. நிலத்தடி நீரைப் பொறுத்தவரை இந்திய அளவில் கிட்டத்தட்ட அதுதான் நிலவரம். நெல் தண்ணீர் குடிக்கும் பயிர் என்பதும் உண்மை. ஒரு போகத்துக்கு 1,200 மில்லிமீட்டர் என்று எடுத்துக்கொண்டால், ஒரு ஏக்கருக்கு ஏறக்குறைய 48 லட்சம் லிட்டர். 12,000 லிட்டர் லாரியில் ஊற்றினால் 400 லாரி. ஆளுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்ற நகர்ப்புற அளவுகோலை வைத்துப் பார்த்தால், நான்கு பேர் உள்ள 24 வீடுகள் ஒரு வருடம் முழுக்கக் குளித்து, துவைத்து, கழுவலாம். கேட்டால் தலை சுற்றத்தான் செய்கிறது.

ஆனால் அந்த ஏக்கரில் விளைந்ததை யார் தின்றது?

ஏக்கருக்கு 25 குவிண்டால் நெல் என்று வையுங்கள். அரைத்தால் மூன்றில் இரண்டு பங்கு அரிசி. அப்படியானால் ஒரு கிலோ அரிசிக்குள் ஏறக்குறைய 3,000 லிட்டர் தண்ணீர் ஒளிந்திருக்கிறது. விடுதியில் காலை இட்லி, மதியம் சோறு, ராத்திரி தோசை என்று மாதம் பத்து கிலோ அரிசியை ஒருவன் காலி செய்கிறான் என்றால், நாளொன்றுக்கு அவன் தட்டில் விழுவது 1,000 லிட்டர். குளியலறையில் விழுவது 135. நண்பா, நீ போட்ட வட்டத்தில் பச்சையாக இருந்ததே, அதில் உன்னுடைய சாம்பார் சாதமும் இருக்கிறது. 'விவசாயம்' என்று எழுதியதற்குப் பதில் 'நாங்கள் தின்றது' என்று எழுதியிருந்தால் அந்தக் கைதட்டல் வந்திருக்குமா?

அடுத்த கோளாறு இதைவிடப் பெரியது. தண்ணீர் என்ன வங்கிப் பணமா, இந்தக் கணக்கிலிருந்து எடுத்து அந்தக் கணக்கில் போடுவதற்கு? பஞ்சாபில் கோதுமைக்கு மிச்சம் பிடித்த தண்ணீரால் பல்லாவரத்துக்காரன் பல் தேய்க்க முடியாது. சம்பா நெல் குடிப்பதில் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகையில் வானம் கொட்டுவது. அந்த மாதங்களில் சென்னைக்கே தண்ணீர் முழங்காலுக்கு மேலே நிற்கிறது. யார் எவ்வளவு எடுக்கிறார்கள் என்பதைவிட எங்கே, எந்த மாதத்தில், யாருடைய கிணற்றிலிருந்து எடுக்கிறார்கள் என்பதுதான் கேள்வி. தேசிய சராசரியைக் காட்டிப் பேசுகிறவர்கள் எல்லோரும் இந்தக் கேள்வியை வசதியாகத் தாண்டிப் போகிறார்கள்.

எனக்குத் தெரிந்த ஊர் சென்னையும் அதைச் சுற்றியிருக்கும் கிராமங்களும்தான். அதையே பேசுகிறேன்.

செங்குன்றம், சோழவரம், செம்பரம்பாக்கம். சென்னையின் குடிநீர் ஏரிகள் என்று செய்தித்தாளில் தினமும் மட்டம் போடுவார்களே, அவை யாருக்காக வெட்டப்பட்டவை? வயலுக்குப் பாய்ச்ச வெட்டிய ஏரிகள் ஐயா. 1872-இல் வெள்ளைக்காரர்கள் தாமரைப்பாக்கத்தில் அணை கட்டி, கொசஸ்தலை நீரைத் திருப்பி, சோழவரத்துக்கும் செங்குன்றத்துக்கும் கொண்டுவந்தார்கள். அன்றைக்கு ஆரம்பித்தது. 1944-இல் அதே ஆற்றின் குறுக்கே பூண்டி. பெரிய பாசன ஏரியான செம்பரம்பாக்கமும் பிற்பாடு குடிநீருக்குப் போனது. எங்கள் பக்கத்துத் தாத்தாக்கள் பூண்டியைப் பூண்டி என்று சொல்ல மாட்டார்கள். "மெட்ராஸ்காரன் டேம்" என்பார்கள். ஆற்றுக்குப் பக்கத்திலேயே இருந்துகொண்டு ஆற்றில் தண்ணீர் பார்க்காத தலைமுறை நாங்கள்.

அடுத்தது வீராணம். 'பொன்னியின் செல்வன்' படித்தவர்களுக்குத் தெரியும், வந்தியத்தேவன் குதிரையில் போகும்போது முதலில் வருவது இந்த ஏரிக்கரைதான். பராந்தக சோழன் காலத்து ஏரி. கொள்ளிடத்தின் கீழணையிலிருந்து வடவாறு வழியாகக் காவிரி நீர் வந்து நிரப்புகிறது. பாசனத்துக்கு என்றே ஆயிரம் வருடமாக இருந்தது. 2004-இல் புதிய வீராணம் திட்டம் வந்தது. ஏறத்தாழ 230 கிலோமீட்டர் குழாய், நாளொன்றுக்கு 18 கோடி லிட்டர் சென்னைக்கு. ஏரி வற்றினால்? நெய்வேலிப் பக்கத்து ஆழ்துளைக் கிணறுகள் இருக்கின்றன.

18 கோடி லிட்டரை 365-ஆல் பெருக்கி டி.எம்.சி. கணக்கில் போட்டுப் பார்த்தேன். வருடத்துக்கு 2.3 டி.எம்.சி. கொஞ்சம் அதிகமாகவே வருகிறது. மேலே சொன்ன நெல் கணக்கில் 13,000 ஏக்கருக்கு மேல்.

இப்போது ஒரு பழைய செய்தியை ஞாபகப்படுத்துகிறேன். 2018 பிப்ரவரி 16. காவிரி வழக்கில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு. தமிழ்நாட்டின் பங்கு 192 டி.எம்.சி.யிலிருந்து 177.25 ஆகக் குறைந்தது. கர்நாடகத்துக்குக் கூடுதலாகப் போன 14.75-இல் 4.75 டி.எம்.சி. பெங்களூரின் குடிநீருக்காக. நம் ஆட்கள் எப்படிக் கொதித்தார்கள்! "பெங்களூர்க்காரன் குளிக்க எங்கள் டெல்டா காய வேண்டுமா?" நானும்தான் ஸ்டேட்டஸ் போட்டேன். சின்னப் பையன், ஏதோ புரட்சி செய்வதாக நினைப்பு.

அதே காவிரியிலிருந்து, அதே டெல்டாவின் வடகோடியிலிருந்து, சென்னை எடுக்கும் இரண்டு சொச்சம் டி.எம்.சி. பற்றி அன்றைக்கு யாராவது வாய் திறந்தோமா? பெங்களூர் எடுத்தால் துரோகம், சென்னை எடுத்தால் வளர்ச்சித் திட்டம். குடிநீருக்கே முதலிடம் என்று 2002-இன் தேசிய நீர்க்கொள்கை சொல்கிறது, நீதிமன்றமும் சொன்னது. எனக்கும் அதில் மறுப்பு இல்லை. தாகத்துக்குத்தான் முதலிடம். ஆனால் 'குடிநீர்' என்ற சொல்லுக்குள் எத்தனை விஷயம் ஒளிந்துகொள்கிறது பாருங்கள். ஒரு மனிதன் ஒரு நாளைக்குக் குடிப்பது மூன்று லிட்டர், சமைக்க இன்னும் கொஞ்சம். அடுக்குமாடி வளாகத்தின் நீச்சல் குளமும், கார் கழுவுகிற ஹோஸும், ஃப்ளஷ்ஷும் அதே சொல்லைப் போர்த்திக்கொண்டு வரிசையில் முதலில் வந்து நிற்கின்றன. எங்கள் ஊர்த் தெருக்குழாய் வரிசையின் கடைசியில் நிற்கிறது.

தெருக்குழாய் என்றதும் 2019 ஞாபகம் வந்துவிட்டது.

அந்த ஜூன் மாதத்தில் சென்னையின் நான்கு ஏரிகளும் ஏறக்குறைய வறண்டுவிட்டன. வழக்கமாக நாளொன்றுக்கு 83 கோடி லிட்டர் கொடுத்த இடத்தில் 52 கோடி சொச்சம்தான் கொடுக்க முடிந்தது. பழைய மகாபலிபுரம் சாலை ஐ.டி. கம்பெனிகள் வீட்டிலிருந்து வேலை பாருங்கள் என்றன. (கொரோனாவுக்கு முன்பே!) ஜூலை 12 அன்று ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தது. மாலை, வாழைமரம், கேமரா. ஒரு ரயிலில் 25 லட்சம் லிட்டர். சென்னையின் அன்றாடத் தேவையில் நூற்றில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. அரை ஏக்கர் நெல்லுக்கான தண்ணீர். உலகப் பத்திரிகைகள் எல்லாம் அந்த ரயிலைப் படம் பிடித்தன. எங்கள் ஊர் ஏரிக்கரை வழியாக ராப்பகலாக ஓடிய லாரிகளை யாரும் படம் பிடிக்க வரவில்லை.

முதலில் பக்கத்து நிலத்துக்காரர் விற்றார். சொர்ணவாரிக்கு நாற்று விட்டிருந்தவர், நாற்றங்காலை அப்படியே காயவிட்டுவிட்டு லாரிக்குக் குழாயைத் திருப்பினார். அப்பா ஒரு வாரம் பார்த்தார். பிறகு எங்கள் மோட்டாரும் லாரிக்கு ஓடியது. "ஏம்பா, நம்ம பயிர்?" என்று கேட்டேன். அப்பா சொன்னது இது:

"நாம விக்கலன்னாலும் அவன் விக்கத்தான் போறான். அவன் எறைக்க எறைக்க நம்ம கெணத்துத் தண்ணியும் அவன் கெணத்துக்குத்தான் போவும். அப்புறம் நமக்குப் பயிரும் இல்ல, காசும் இல்ல."

பொருளாதார வகுப்பில் பொதுச் சொத்து பற்றி இரண்டு செமஸ்டர் படித்தேன். அப்பா கிணற்று மேட்டில் நின்று சொன்ன இந்த இரண்டு வரிக்கு மேல் அதில் எதுவும் இல்லை.

லாரி ஒன்றுக்கு எங்களுக்குக் கிடைத்தது சில நூறு ரூபாய். அதே லாரி சென்னைக்குள் நுழைந்ததும் ஆயிரங்களாக மாறியது. நடுவில் ஏறிய விலை டீசலா, லஞ்சமா, லாபமா என்று நீங்களே ஊகித்துக்கொள்ளுங்கள்.

எங்கள் வீட்டுக்கு நடவுக்கு வரும் அக்கா ஒருவர் அம்மாவிடம் கேட்டார், "உங்களுக்கு லாரி காசு வருது. எங்களுக்கு இன்னா வருது?" நடவு இல்லை, களை இல்லை, அறுப்பு இல்லை. அவருக்கு நிலமும் இல்லை, கிணறும் இல்லை. ஆகஸ்டில் ஊர்ப் பொதுக்கிணறு சேறாகிவிட்டது. மேல்நிலைத் தொட்டிக்கு ஏற்றும் போர் காற்றைத் துப்பியது. கடைசியில் எங்கள் ஊருக்கே லாரியில் தண்ணீர் வந்தது! எங்கிருந்து எடுத்து வந்தார்கள் என்று கேட்காதீர்கள். அம்மா அந்த அக்காவுக்குப் பதில் சொல்லவில்லை. நானும்தான்.

அதனால்தான் 'விவசாயியா, வீடா' என்று யாராவது தலைப்பு வைத்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. அந்தக் கோடையில் எங்கள் ஊரில் விவசாயி தண்ணீர் விற்றார், நகரத்து வீடு வாங்கியது. இருவரும் ஒரே கட்சி. தோற்றது நிலமில்லாத வீடு, கிணறு ஆழமில்லாத சின்ன விவசாயி, குடத்தோடு நடந்த பெண்கள். அவர்கள் உன் ஸ்லைடில் எந்த நிறம்?

இது புதுக்கதையும் இல்லை. சென்னைக்கு வடக்கே ஆரணியாறு, கொசஸ்தலையாறு படுகையில் 1960-களிலிருந்தே கிணற்று வயல்கள் அமைத்து உறிஞ்சுகிறார்கள். மீஞ்சூர், பஞ்செட்டி, தாமரைப்பாக்கம் என்று. உறிஞ்சி உறிஞ்சி, மீஞ்சூர்ப் பக்கம் கடல் நீர் பல கிலோமீட்டர் உள்ளே வந்துவிட்டது. உப்பு ஏறிய கிணற்றில் நெல்லும் விளையாது, குளிக்கவும் முடியாது. பிறகு விவசாயிகளின் கிணறுகளிலிருந்தே வாரியம் விலைக்கு வாங்க ஆரம்பித்தது. சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தின் பேராசிரியர் ஜனகராஜன் இந்தக் கிராமங்களில் வருடக்கணக்காக ஆய்வு செய்து, தண்ணீர் விற்பனை ஊருக்குள் என்ன மோதல்களைக் கிளப்புகிறது என்று எழுதியிருக்கிறார். விவாதத்துக்குத் தயார் செய்கிறவர்கள் முதலில் அதைப் படிக்கலாம்.

சட்டம் என்ன செய்தது என்கிறீர்களா? நிலம் யாருக்கோ, அடியில் உள்ள நீரை எடுக்கும் உரிமையும் அவருக்கே என்பது 1882-ஆம் வருடத்து வெள்ளைக்காரன் சட்டத்திலிருந்து வருகிறது. கபாலீஸ்வரர் கோயில் குளத்துக்குப் பக்கத்தில் வீடு வாங்கினால் குளத்தடித் தண்ணீரும் என்னுடையதா என்று கேட்பது போல இருக்கிறது எனக்கு. 1987-இல் சென்னைப் பெருநகருக்கு ஒரு நிலத்தடி நீர்ச் சட்டம் வந்தது. மாநிலம் முழுமைக்கும் 2003-இல் ஒரு சட்டம் போட்டார்கள். அது நடைமுறைக்கு வராமலே கிடந்து, 2013-இல் ரத்தானது. பிள்ளை பிறந்து, நடக்காமலே, பத்து வயதில் போய்ச் சேர்ந்த கதை. 2018 அக்டோபரில் உயர் நீதிமன்றம் வணிகத்துக்கு நீர் எடுப்பதைக் கட்டுப்படுத்தச் சொன்னதும் லாரிக்காரர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். சென்னை நடுங்கியது. லாரி மறுபடி ஓடியது. அவ்வளவுதான்.

இதுவரை படித்துவிட்டு, "அப்போ நீ விவசாயி பக்கம்" என்று முத்திரை குத்தப் போகிறவர்கள் கொஞ்சம் பொறுங்கள். அந்தப் பக்கத்துக்கும் திட்டு பாக்கி இருக்கிறது.

"விவசாயி கடவுள்", "சேற்றில் கால் வைக்காவிட்டால் சோற்றில் கை வைக்க முடியாது" என்று பொங்கலுக்குப் பொங்கல் படம் போடுகிற கோஷ்டியை எனக்குச் சுத்தமாகப் பிடிக்காது. கடவுளை எந்த வங்கியும் கடனுக்கு மிரட்டாது. கடவுளுக்கு மூன்று போர் இருந்தால் கேள்வி கேட்க முடியாது. எங்கள் ஊரில் மூன்று போர் போட்டவர் இருக்கிறார். அவர் ஆயிரம் அடிக்குப் போகப் போக, நாற்பது அடிக் கிணறு வைத்திருப்பவர் விவசாயத்தை விட்டுவிட்டு ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் செக்யூரிட்டி வேலைக்குப் போகிறார். இலவச மின்சாரம் இரண்டு பேருக்கும் உண்டு. ஆனால் தண்ணீர் இருப்பவருக்குத்தான் மின்சாரத்தால் பிரயோஜனம். இதைச் சொன்னால் விவசாயி விரோதி என்பார்கள்.

இலவச மின்சாரமே கூடாது என்று நான் சொல்லவில்லை. 1970-களில் கட்டணத்தை எதிர்த்து நாராயணசாமி நாயுடு தலைமையில் மாட்டுவண்டி கட்டிக்கொண்டு வந்தவர்களையும், துப்பாக்கிச் சூட்டில் செத்தவர்களையும் மறந்துவிட்டுப் பேச முடியாது. நெல்லுக்குக் கிடைக்கும் விலையில் மின்கட்டணமும் கட்டச் சொன்னால் என் அப்பா நாளைக்கே நிலத்தை ப்ளாட் போடுகிறவருக்குக் கொடுத்துவிடுவார். ஆனால் அந்த மின்சாரம் பயிருக்காகக் கொடுத்தது. அதில் லாரியை நிரப்புவது தப்பு. எங்கள் வீடு செய்ததும் தப்புதான்.

"நெல்லை விட்டுச் சிறுதானியம் போடேன், சொட்டுநீர் போடேன்" என்பார்கள் அடுத்து. சொட்டுநீருக்கு இங்கே சிறு, குறு விவசாயிக்கு முழு மானியம் உண்டு. காய்கறிக்கும் பூவுக்கும் போடுகிறார்கள். நல்ல விஷயம். ஒற்றை நாற்று நட்டு, காயவிட்டுப் பாய்ச்சும் முறையில் நெல்லுக்கே கணிசமாகத் தண்ணீர் மிச்சமாகும். ஆனால் காயவிட்டுப் பாய்ச்ச வேண்டுமானால் வேண்டும்போது தண்ணீர் வரும் என்ற நம்பிக்கை வேண்டும். மின்சாரம் எப்போது வரும், பக்கத்துக் கிணறு எப்போது நம் ஊற்றை இழுக்கும் என்று தெரியாதவன் கிடைக்கும்போது கட்டிவைக்கத்தான் பார்ப்பான். சிறுதானியம்? விளைந்த நெல்லை வாங்க அரசின் கொள்முதல் நிலையம் இருக்கிறது. கேழ்வரகைத் தர்மபுரி, கிருஷ்ணகிரி மாதிரி சில மாவட்டங்களில் அரசு வாங்க ஆரம்பித்ததே அண்மையில்தான். அதற்கு முன்னால் போட்டிருந்தால் யாரிடம் போய் விற்பது? மில்லட் குக்கீஸ் தின்கிற உங்களிடமா?

நகரத்துக்காரர்களே, இப்போது உங்கள் வீட்டுக்கு வருகிறேன்.

எத்தனை வீட்டில் தண்ணீர் மீட்டர் இருக்கிறது? மின்சாரத்துக்கு இருக்கிறது, கேஸ் சிலிண்டருக்கு எடை இருக்கிறது. சென்னையின் பெரும்பாலான வீடுகளுக்குத் தண்ணீர் மட்டும் மாதத்துக்கு இவ்வளவு என்று மொத்தமாக. ஆயிரம் லிட்டர் எடுத்தாலும் பத்தாயிரம் லிட்டர் எடுத்தாலும் ஒரே கட்டணம். மோட்டாரைப் போட்டுவிட்டுத் தூங்குகிறவன் யார் என்று இன்னொரு முறை சொல்லு நண்பா? எங்கள் விடுதி மொட்டை மாடித் தொட்டி வாரம் இரண்டு தடவை வழிந்து சன்னல் மேல் அருவி மாதிரி கொட்டுகிறது. நீயும்தான் வீடியோ எடுத்தாய்.

ஏரிகளைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் விடிந்துவிடும். மயிலாப்பூரின் நீண்ட ஏரியைத் தூர்த்து 1920-களில் தியாகராய நகர். நுங்கம்பாக்கம் ஏரி இருந்த இடத்தில் வள்ளுவர் கோட்டம். 'லேக் ஏரியா' என்ற பெயர் மட்டும் பேருந்து நிறுத்தத்தில் மிச்சம். பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம் பழைய பரப்பில் பத்தில் ஒரு பங்காகச் சுருங்கிப்போய், குப்பை மேட்டோடு நிற்கிறது. 2015 டிசம்பரில் ஊரே மூழ்கியது. நான்கே வருடத்தில் ரயிலில் தண்ணீர். நடுவில் பெய்த மழை எல்லாம் கடலுக்கு. தன் ஏரியைத் தூர்த்து வீடு கட்டிக்கொண்ட ஊர், அடுத்தவன் ஏரிக்குக் குழாய் போடுகிறது. 2003-இல் வீட்டுக்கு வீடு மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியபோது கிணறுகளில் மட்டம் ஏறியதை ஊரே பார்த்தது. பிறகு அந்தக் குழிகளை யார் தூர் வாரினார்கள்? எங்கள் விடுதிக் குழியின் மேல் இப்போது ஷூ ஸ்டாண்ட் இருக்கிறது.

கடைசியாகக் கழிவுநீர். எனக்கு ரொம்ப நாளாக உறுத்தும் விஷயம் இது. வீட்டுக்கு வரும் தண்ணீரில் ஐந்தில் நான்கு பங்கு கழிவுநீராக வெளியே போகும் என்பது பொறியாளர்களின் வழக்கமான கணக்கு. 2019-க்கு முந்தைய 83 கோடி லிட்டரையே வைத்துக்கொண்டால் (இப்போது அதைவிட அதிகம்) நாளொன்றுக்கு 66 கோடி லிட்டர். வருடத்துக்கு எட்டரை டி.எம்.சி. பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் நான்கும் ததும்ப நிரம்பினாலே 11 டி.எம்.சி. சொச்சம்தான்! இந்த எட்டரையில் பெரும்பகுதி கூவம், அடையாறு, பக்கிங்ஹாம் கால்வாய் வழியாகக் கடலுக்குப் போகிறது. கொடுங்கையூரிலும் கோயம்பேட்டிலும் தலா நாலரைக் கோடி லிட்டரைக் கூடுதலாகச் சுத்திகரித்துத் தொழிற்சாலைகளுக்குக் கொடுக்கிறார்கள், 2019-லிருந்து. அது நல்ல ஆரம்பம். ஆனால் வயலிலிருந்து எடுத்த தண்ணீரில் வயலுக்குத் திரும்பி வந்தது எவ்வளவு?

கடல்நீரைக் குடிநீராக்குவதும் நடக்கிறது. மீஞ்சூர் 2010, நெம்மேலி 2013, நெம்மேலியில் இன்னொன்று 2024. விலை அதிகம், மின்சாரம் அதிகம். இருந்தாலும் ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். கடலிலிருந்து எடுக்கும் ஒவ்வொரு லிட்டருக்கும் நகரம் விலை கொடுக்கிறது. கிருஷ்ணா நீருக்கு 1983-இல் இரண்டு மாநிலங்கள் உட்கார்ந்து ஒப்பந்தம் போட்டன, வருடத்துக்கு 12 டி.எம்.சி. என்று. (பெரும்பாலான வருடங்களில் அது முழுசாக வந்து சேர்ந்ததில்லை என்பது வேறு சோகம்.) கடலுக்கு விலை உண்டு, ஆந்திராவுக்கு ஒப்பந்தம் உண்டு. எங்கள் ஊருக்கு மட்டும்தான் ராத்திரியில் வரும் லாரி.

எங்களோடும் ஒப்பந்தம் போடுங்கள் என்றுதான் கேட்கிறேன். கிணற்றுக்காரரோடு அல்ல, ஊரோடு, கிராம சபையில் எல்லோர் முன்னாலும். எந்த மாதத்திலிருந்து எந்த மாதம் வரை, எவ்வளவு என்று எழுதுங்கள். பொதுக்கிணற்றின் மட்டம் ஒரு கோட்டுக்குக் கீழே போனால் அன்றைக்கே லாரி நிற்க வேண்டும். பணத்தில் ஒரு பங்கு நடவு போன கூலிக்காரப் பெண்களுக்கு என்று எழுதுங்கள். மீதியில் எங்கள் ஏரியின் மதகைச் சரி செய்து, கலங்கலை உயர்த்தி, வரத்துக் கால்வாயில் இருக்கும் வேலிக்காத்தான் முள்ளை வெட்டுங்கள். சுத்திகரித்த நீரை வடக்கே திருப்ப முடியுமா என்று ஒரு குழாய்க் கணக்காவது போடுங்கள். தெற்கே 230 கிலோமீட்டருக்குக் குழாய் போடத் தெரிந்தவர்களுக்கு இது தெரியாதா?

இதை அப்பாவிடம் போனில் சொன்னேன். "கிராம சபையில ஒப்பந்தமா? சரி. மூணு போர்க்காரன் ஒத்துக்குவானா?" என்றார். என்னிடம் பதில் இல்லை. யோசித்துவிட்டு அவரே, "மொதல்ல நம்ம கெணத்துல இருந்து ஆரம்பி. அடுத்த கோடைக்கு லாரி வந்தா நான் இன்னா சொல்லட்டும்?" என்று கேட்டார். தங்கைக்கு அடுத்த வருடம் கல்லூரி.

டிஸ்கி: விவாதத்தில் ஜெயித்த நண்பனை வருகிற பொங்கலுக்கு ஊருக்குக் கூப்பிட்டிருக்கிறேன். வருகிறேன் என்று சொல்லியிருக்கிறான். கிணற்றில் 2019-க்கு முன்னால் மோட்டார் குழாய் நின்ற இடத்தில் சுவரில் ஒரு துருக்கோடு இருக்கிறது. இப்போதைய குழாய் அதற்கு மூன்று ஆள் உயரத்துக்குக் கீழே. நீச்சல் தெரியாதவனும் தைரியமாக இறங்கலாம்.